பயிர் வைத்தவர் கணக்கில் பணம் சேரட்டும்: வருவாய்த் துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை, வேளாண்மை – உழவர் நலத் துறை, தமிழ்நாடு அரசு.

ஐயா, அம்மா,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் குத்தகை நிலத்தில் நெல் விளைவித்துப் பிழைக்கும் குடும்பத்தில் ஒருவன் நான். கேட்பது ஒன்றுதான். மழையிலும் புயலிலும் பயிர் போகும்போது நீங்கள் தரும் நிவாரணம், அந்தப் பயிரை வைத்தவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பல ஊர்களில் அது பட்டாவில் பேர் இருப்பவரைத் தேடிப் போகிறது. அவர் அந்த வருஷம் வயலை எட்டிக்கூடப் பார்க்காதவராக இருக்கலாம்.

நிவாரணமே வருவதில்லை என்று புகார் சொல்ல நான் வரவில்லை. 2021 ஜனவரியில் பெய்த மழை அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தபோது, ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்த தொகையை 20,000 ஆக உயர்த்தி அறிவித்தார் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அதே கொடுமை நடந்தது. அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலினும் 20,000 என்றே அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்கும், அதற்கடுத்த ஆண்டு பெஞ்சல் புயலுக்கும் நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று அறிவிப்பு வந்தது. மத்திய அரசின் பேரிடர் நிதி விதிமுறையில் 2022இல் வைத்த தொகையும் அதுதான். ஒரு வருஷம் கூடி மறு வருஷம் குறைவது பற்றி எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்த மடலில் அந்த வழக்கை நான் எடுக்கவில்லை.

ஹெக்டேர் கணக்கு எங்கள் ஊரில் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. நாங்கள் மாக் கணக்கில் பேசுகிறவர்கள். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு 6,880 ரூபாய். மாவுக்கு 2,300 ரூபாய்கூட முழுசாகத் தேறாது. ஒரு ஏக்கர் சம்பாவை நாற்றங்காலில் தொடங்கி, உழவு, நடவு, களை, உரம், பூச்சிமருந்து என்று பார்த்துப் பார்த்துக் கதிர் முற்றும்வரை கொண்டுவர எங்கள் பக்கம் முப்பதாயிரத்துக்கு மேல் பிடிக்கிறது. அதில் பாதிக்கு மேல் நகைக்கடனும் கைமாற்றும். செலவில் கால் பங்கைக்கூட எட்டாத தொகை இது. அடுத்த நடவுக்கு விதை வாங்க இதைத்தான் நம்பியிருக்கிறோம். அதுவும் வேறொருவர் கணக்கில் விழுந்தால் எங்கே போய்க் கேட்பது?

2023 பிப்ரவரியில் எங்கள் வாய்க்காலுக்குத் தென்புறம் நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்டு, வெயில் தலைகாட்டிவிட்டது. முற்றின பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் என்ன ஆகும் என்று துறை அலுவலர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்மணி கதிரில் இருந்தபடியே முளைக்கத் தொடங்கிவிடும். வெள்ளை முளையும் வேருமாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கையை விட்டுத் தூக்கினால் நனைந்த பாயைத் தூக்குவது போல மொத்தமாக எழும்பி வரும். அறுவடை இயந்திரத்தை இறக்கினாலும் அதை வெட்ட முடியாது. வெட்டினாலும் கொள்முதல் நிலையத்தில் யாரும் வாங்க மாட்டார்கள்.

கணக்கெடுக்க வந்தவர்களிடம் பக்கத்து வயல் அக்கா அப்படி ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினார். வந்தவர் பார்த்தார், "அடடா" என்றார், நோட்டைத் திறந்தார்.

"பட்டா யாரு பேர்ல இருக்கும்மா?"

"அது மெட்ராஸ்ல இருக்குற ஐயா பேர்ல சார். சாகுபடி நாங்கதான் பண்றோம்."

"அப்ப அவங்க ஆதாரும் பாஸ்புக்கும் வேணுமே."

"அவங்களது எதுக்கு சார்? நட்டது நாங்க, தண்ணி கட்டுனது நாங்க."

"எனக்குத் தெரியாதாம்மா? லிஸ்ட்ல அப்படித்தான் கேக்குறாங்க."

அந்த அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன். முழங்கால் சேற்றில் நின்றுதான் எழுதினார். மேலே இருந்து வந்த படிவத்தில் என்ன கேட்டிருந்ததோ அதை எழுதினார். அந்த அக்கா தன் கைப்பேசியிலிருந்து சென்னைக்குப் போட்டு, "ஐயா, உங்க பாஸ்புக்க ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. தன் பயிர் அழிந்ததற்கான பணத்தை இன்னொருவர் கணக்கில் சேர்க்க, தானே முன்நின்று வேலை பார்த்தார்.

அதன் பிறகு நடப்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். வந்த பணத்தைப் பைசா குறையாமல் எடுத்து வந்து கொடுத்த நிலக்காரர்கள் உண்டு. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். குத்தகை பாக்கியில் கழித்துக்கொண்டவர்கள் உண்டு. பாதி எனக்கு, பாதி உனக்கு என்றவர்கள் உண்டு. போனை எடுக்காதவர்களும் உண்டு. அரசுப் பணம் உரியவருக்குப் போய்ச் சேருவது, இன்னொருவரின் நல்ல மனசைப் பொறுத்து இருக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

உங்கள் விதிமுறையே என் பக்கம்தான் நிற்கிறது என்று நான் நம்புகிறேன். பேரிடர் நிதி விதிமுறையில் நிலத்துக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. வயலில் மணலும் வண்டலும் மூடினால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000, ஆறு திசை மாறியோ நிலச்சரிவிலோ நிலமே போனால் 47,000. அது நில உடைமையாளருக்குச் சேர வேண்டியது, அதில் எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. பயிர் சேதத்துக்கான 17,000 வேறு தலைப்பில் வருகிறது. விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போட்ட செலவில் ஒரு பங்கை ஈடுகட்டும் மானியமாகத்தான் அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. செலவு செய்தவர் யாரோ அவருக்குத்தானே அந்த மானியம்? கஜா புயலில் தென்னை விழுந்தபோது மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அது தோப்புக்காரருக்குப் போனது. தலைமுறையாக நிற்கும் மரம் தோப்போடு சேர்ந்த சொத்து, அதனால் அது சரி. ஆறு மாசத்தில் வந்து போகும் நெல்லை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இன்னொன்று. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர் வரைதான் இந்த உதவி என்று மத்திய விதிமுறை சொல்கிறது. மாக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 15 மா. இரண்டு வேலி நிலம் ஒரே பட்டாவில் இருக்கிறது, அதை நான்கு பேர் ஆளுக்குப் பத்து மா வீதம் குத்தகைக்குச் செய்கிறார்கள் என்று வையுங்கள். எங்கள் பக்கம் இது சாதாரணம். பயிர் செய்பவர் கணக்கில் எழுதினால் நான்கு பேரும் உச்சவரம்புக்குள் வருகிறார்கள், 40 மாவுக்கும் நிவாரணம் உண்டு. பட்டாக் கணக்கில் எழுதி இந்த வரம்பைப் பார்த்தால் 15 மாவோடு நின்றுவிடும். மீதி 25 மாவில் அழுகிய நெல்லுக்கு ஒரு ரூபாய் கிடையாது. சிறு விவசாயிக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று வைத்த வரம்பு, சிறு விவசாயியையே வெளியே தள்ளுகிறது.

கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றிப்போய் நிற்கிறது. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்கு மாநிலம் முழுக்க நாலரை லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. டெல்டாவில் கோயில் நிலம் இல்லாத ஊரை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே குத்தகைப் பதிவு இருக்கும், ஆனால் தாத்தா பேரில் இருக்கும். தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார். பேர் மாற்றம் கேட்டால் பாக்கியைக் கட்டி முடித்துவிட்டு வா என்பார்கள். பயிர் போன வருஷத்துப் பாக்கியை, அந்தப் பயிருக்கான நிவாரணம்கூட வராமல் எதை விற்றுக் கட்டுவது? நேரடியாக வங்கிக் கணக்கில் பணம் போடும் காலத்தில், இறந்தவர் பேரில் இருக்கும் பதிவுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

பயிர் செய்பவரின் பேரை அடங்கலில் எழுதினால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஒவ்வொரு வருவாய் ஆண்டிலும், வயலைப் பார்த்து எழுத வேண்டிய கணக்கு அது. ஆனால் எழுத விடாமல் தடுக்கிறது ஒரு பழைய பயம். அதை மூடி வைத்துவிட்டுப் பேச முடியாது.

ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்துக்காக 1952இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். கம்யூனிஸ்ட் விவசாயிகள் இயக்கத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராக நடந்து கட்டிய இயக்கத்தின் பலன்கள் அவை. எங்கள் பாட்டன்மார் இந்தச் சட்டங்களால்தான் நிமிர்ந்தார்கள். அவற்றில் ஒரு எழுத்துக்கூடக் குறைவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நிலக்காரர் மனசில் ஒன்று பதிந்துவிட்டது: குத்தகைக்காரன் பேர் எந்த அரசுக் காகிதத்தில் ஏறினாலும் நிலம் கைவிட்டுப் போகும். அதனால் வாய்மொழிக் குத்தகை. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். இன்றைக்கு நிலக்காரர் எல்லாரும் பெரிய பண்ணையாரும் இல்லை. ஓய்வு பெற்ற டீச்சர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையனின் அம்மா, மூன்று அண்ணன் தம்பிகளில் ஊரை விட்டுப் போன ஒருவர். அவர்களுக்கும் அந்த ஐந்து ஏக்கர்தான் கையிருப்பு. பயப்படாதே என்று சொன்னால் மட்டும் அவர்கள் பயம் போகாது.

பக்கத்து மாநிலத்தில் இதற்கு ஒரு வழி தேடினார்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2011இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் கொண்டுவந்தார்கள். பிறகு ஆந்திரப் பிரதேசம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றியது. 11 மாதத்துக்கு ஒரு அட்டை. அதை வைத்துப் பயிர்க்கடன் கேட்கலாம், காப்பீடு எடுக்கலாம், பயிர் போனால் அரசு உதவி பெறலாம். நிலத்தின் மேல் எந்த உரிமையும் அந்த அட்டையால் வராது என்று சட்டமே சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் அட்டைக்கு நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள். அங்கேதான் இடறியது. கையெழுத்துப் போட மனசில்லாத நிலக்காரரிடம் குத்தகைக்கு இருப்பவர் அட்டையில்லாமல் நின்றார். நாம் செய்வதானால் அந்த இடத்தை மாற்றிச் செய்ய வேண்டும்.

என் யோசனையைச் சொல்கிறேன். டெல்டாவில் நெல்லை அடிக்கும் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அது தொடங்கும் முன்பே அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. சம்பா பெரும்பாலும் நட்டு முடிந்திருக்கும் நேரம். எந்தப் புல எண்ணில் யார் பயிர் வைத்திருக்கிறார், எத்தனை மா, என்ன ரகம் என்று கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் எடுத்த பட்டியலை அந்தச் சபையில் உரக்க வாசியுங்கள். குறுவை அறுத்த பிறகு தாளடி நடுபவர்களையும் விட்டுப்போனவர்களையும் நவம்பர் 1 கிராம சபையில் சேருங்கள். நிலக்காரரின் கையெழுத்தைக் கேட்காதீர்கள். வயலின் நான்கு எல்லையிலும் சாகுபடி செய்பவர்கள் கையெழுத்துப் போடட்டும். யார் தண்ணீர் பாய்ச்சுகிறார், யார் வரப்பு வெட்டுகிறார் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. நிலக்காரருக்கு ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் வட்டாட்சியரிடம் சொல்லட்டும். அப்படியானால் அங்கே பயிர் செய்வது யார் என்பதையும் அவரே சொல்லட்டும்.

இந்தப் பட்டியல் நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டும்தான், குத்தகை உரிமை வழக்கில் இதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று சட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். 1955, 1969 சட்டங்களில் ஏற்கெனவே உள்ள உரிமையை இது குறைக்காது என்று இன்னொரு வரியும் எழுதுங்கள். முதல் வரி நிலக்காரருக்காக. அதே வரி எங்களுக்கும் பாதுகாப்புதான். சபையில் பேர் வாசித்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று அஞ்சி வாய் திறக்காத குத்தகைக்காரர்கள் எத்தனையோ பேர்.

பட்டியல் மழைக்கு முன்பே முடிந்துவிட்டால், பயிர் போன பிறகு வருகிற அலுவலர் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடினால் போதும்: சேதம் 33 சதவீதத்துக்கு மேலா, கீழா? இந்த வரம்பு முன்பு 50 சதவீதமாக இருந்தது, 2015இல்தான் குறைத்தார்கள். அந்த 33ஐக் கண்ணளவில் மதிப்பிடுவதே சிரமம். பூக்கும் நேரத்து மழையில் பயிர் பச்சையாக நிமிர்ந்து நிற்கும், கதிரை உருவிப் பார்த்தால் பதர். அதை நிதானமாகப் பார்க்க வேண்டிய அலுவலரின் நேரம், பட்டா, ஆதார், பாஸ்புக் என்று காகிதம் தேடுவதில் கழிகிறது. தண்ணீர் வடியுமுன் வந்து போனவர்கள் மறுபடி வர நேரமில்லாமல் போகிறது.

பயிர்க் காப்பீட்டைப் பாருங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைக்காரரும், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குச் செய்பவரும் சேரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதத்தை எங்கள் கையிலிருந்து கட்டி, எங்கள் பேரில் ரசீது வாங்கிச் சம்பாவைக் காப்பீடு செய்கிறோம். பிரீமியம் வாங்கும்போது சாகுபடியாளராகத் தெரிகிற ஆள், நிவாரணம் கொடுக்கும்போது மட்டும் ஏன் தெரியாமல் போகிறார்? காப்பீட்டுக்காக எங்கள் பேரில் அடங்கல் கிடைத்த இடத்திலாவது, அதையே நிவாரணத்துக்கும் ஏற்க என்ன தடை? இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, ஒரு அரசாணை போதும் என்று நினைக்கிறேன்.

அவசரமாக இதை எழுதக் காரணம், விவசாயிகளுக்குக் கொடுக்கப்படும் தனித்துவ அடையாள எண். பட்டா விவரத்தை இணைத்துத்தான் அதைத் தருகிறார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் நில உடைமையாளருக்கு மட்டும் என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள நிலை, அதில் எங்களுக்கு இடமில்லை என்று தெரிந்துதான் இருக்கிறோம். ஆனால் நாளைக்கு உரம், கடன், கொள்முதல், பேரிடர் நிவாரணம் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையே கேட்டால், பட்டா இல்லாதவர் விவசாயியே இல்லை என்று கணினி சொல்லிவிடும். கணினியில் ஏறின பிறகு திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டாவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த அலைந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிலம் இல்லாத சாகுபடியாளருக்கும் அதே எண் கிடைக்க, கிராம சபைப் பட்டியலை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். பயிர்க் கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலிக்கு மாறும் இந்த நேரத்தில், பயிர் பேருக்குப் பக்கத்தில் சாகுபடியாளர் பேருக்கும் ஒரு கட்டம் கட்டாயமாக வையுங்கள்.

வயல் மூழ்கியதால் நடவுக் கூலியும் அறுவடைக் கூலியும் இழந்த விவசாயத் தொழிலாளர்கள் பற்றி இங்கே நான் பேசவில்லை. அவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அதைத் தனியாகவே எழுத வேண்டும், எழுதுவேன்.

இந்த ஆண்டு சம்பாவுக்கு நாற்று விடும் முன்பே இதற்கான அரசாணை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டம் இயற்றக் காலம் பிடிக்குமானால், முதல் கட்டமாகத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களில் மாவட்டத்துக்கு ஒரு வட்டத்தில் அக்டோபர் 2 கிராம சபையில் சாகுபடியாளர் பட்டியலை வாசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் வாசிப்பதானால், எல்லைக்காரர்களைக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கித் தரும் பொறுப்பை நானும் ஊர் இளைஞர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குத்தகைச் சாகுபடியாளர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.